இரண்டாம் பாகத்தைத் திட்டுகிறவர்களுக்கு நத்தம் கண்டக்டர் சார்பில்

நடுவருக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், காலையிலிருந்து இந்த மைக்கோடு மல்லுக்கட்டும் மைக் செட் அண்ணனுக்குத் தனியாக ஒரு வணக்கம். மிச்ச மரியாதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், எனக்குக் கொடுத்திருப்பது பத்தே நிமிஷம்.

'டார்க் சோல்ஸ் தொடருக்கு இரண்டாம் பாகம் பெருமையா, சறுக்கலா?' இதுதான் தலைப்பு. பிள்ளைகளைக் கூட்டி வந்துவிட்டு, பிரியாணி எப்போது போடுவார்கள் என்று பின்வரிசையில் காத்திருக்கும் பெற்றோர்களுக்காக இரண்டு வரி: ஜப்பானில் ஃப்ரம்சாஃப்ட்வேர் என்று ஒரு கம்பெனி. அவர்கள் செய்யும் கேமில் ஜெயிப்பதைவிடச் சாவதுதான் அதிகம், அதைக் காசு கொடுத்து வாங்கி சாகிறோம். முதல் பாகம் 2011, இரண்டாவது 2014, மூன்றாவது 2016. ஒன்றையும் மூன்றையும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்கள் இரண்டு என்றால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள். ஏன் என்று கேட்டால், 'யூடியூப்ல சொன்னாங்க ப்ரோ'.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். முதல் பாகத்தை இயக்கிய மியாசாகி இயக்காத டார்க் சோல்ஸ், பொண்ணுக்கு அண்ணன் வராத கல்யாணம் என்றார். நீங்களும் விசில் அடித்தீர்கள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அய்யா, இந்த வசனத்தை நீங்கள் சென்னையில் பேசியிருக்கலாம். கோயம்புத்தூரில் பேசியிருக்கலாம். மதுரையில் மேடை போட்டுப் பேசலாமா? பொண்ணுக்கு அண்ணன் வராமலேயே கல்யாணம் நடந்த ஊரய்யா இது! மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர் வந்து சேர்ந்தாரா? மலையை விட்டுக் கிளம்பினார், வழியெல்லாம் மண்டகப்படி, ஒவ்வொன்றிலும் நின்று நின்று வந்தார், ஆற்றுக்கு வந்து சேரும்போது 'தாலி கட்டியாச்சு' என்று சேதி, ஊருக்குள் வராமல் அப்படியே வண்டியூர் பக்கம் திரும்பிவிட்டார். நம் வீட்டுக் கிழவிகள் அப்படித்தானே கதை சொல்கிறார்கள்? அதற்காகக் கல்யாணம் நின்றதா? திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தாரை வார்த்துக் கொடுத்தார். 'இது செல்லாது, ஒரிஜினல் அண்ணன் வரட்டும்' என்று மாசி வீதியில் எவனாவது கொடி பிடித்தானா? மொய் எழுதுகிறவன் பேனாவை மூடினானா? எதிரணித் தலைவரே, வருஷா வருஷம் மொய் விருந்தில் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்!

(தலையை ஆட்டுகிறார். குறித்துக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே.)

இரண்டாம் பாகத்துக்குத் தாரை வார்க்க வந்தவர்கள் தோமோஹிரோ ஷிபுயா, யூயி தனிமுரா என்று இரண்டு பேர். மியாசாகி ஊரிலேயே இல்லையா என்றால் இருந்தார், மேற்பார்வை என்று அவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். அதே கம்பெனியின் இன்னொரு கேம், பிளட்போர்ன் என்ற மண்டகப்படியில் மாட்டிக்கொண்டார், அது 2015இல் வந்தது, அவ்வளவுதான் விஷயம். அந்த அண்ணனே 2024இல் ஒரு பேட்டியில், இரண்டாம் பாகம் நல்ல முயற்சி, அது இல்லாவிட்டால் பின்னால் வந்த கேம்களுக்குப் போன பல யோசனைகள் கிடைத்திருக்காது என்கிற மாதிரிப் பேசிவிட்டார். அண்ணனுக்கு இல்லாத கோபம் பந்தலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு எதற்கு?

மார்க் பேசலாம் என்றால், விமர்சகர்கள் போட்ட மார்க்கையெல்லாம் சேர்த்துச் சொல்லும் மெட்டாகிரிட்டிக்கில் பிளேஸ்டேஷன் 3 கணக்கில் முதல் பாகம் 89, இரண்டாம் பாகம் 91. கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதில் 2014இன் சிறந்த கேம் எது? இதே சறுக்கல்தான். அதே கம்பெனி பின்னால் விட்ட எல்டன் ரிங்கில் இரண்டு கையிலும் ஒரே ஜாதி ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டு சுழற்றிச் சுழற்றி அடிக்கிறீர்களே, அந்த பவர் ஸ்டான்ஸ் எந்த வீட்டுச் சீதனம்? பாயிண்ட் போட்டு ஆளை வளர்த்த விதம், அதாவது பில்ட், பிடிக்கவில்லை என்றால் கலைத்துவிட்டு பாயிண்ட்டை வேறு மாதிரிப் போடலாம் என்று இந்தத் தொடரில் முதலில் விட்டது யார்? சரி, அதையெல்லாம் என் அணியில் அடுத்து வருகிறவர் பேசுவார், அவரிடம்தான் பேப்பர் இருக்கிறது. என்னிடம் பெரியப்பா இருக்கிறார்.

எங்கள் பெரியப்பா மதுரை நத்தம் ரூட்டில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் ஆனால் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். செத்தால் திரும்பி வந்து எழுகிற நெருப்பு, பான்ஃபயர், அதிலிருந்து நான் எழுந்து கிளம்பினால் போதும், 'ரைட், போலாம்' என்பார். செத்தால், 'ஹோல்டேன்!' பக்கத்து வீட்டில் யாரோ இறங்கியிருப்பார்கள், அப்படி ஒரு சத்தம். நான் இரண்டே அடி எடுத்து வைத்து முதல் ஈட்டிக்காரனிடமே செத்தால், 'என்னடா, ஏறுன ஸ்டாப்புலயே இறங்கிட்ட?' என்று கேட்பார். டிக்கெட் கொடுக்காததுதான் பாக்கி.

இந்த கேமில் சாகச் சாக உயிர்க்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், பாதி வரைக்கும் வந்து நிற்கும். எதிரணி இதை அநியாயம் என்றது. பெரியப்பா ஒரு நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். 'ஏண்டா அந்தச் செவப்புக் கோடு கட்டையாகிட்டே வருது?' விளக்கிச் சொன்னேன். 'பாதியோட நின்னுருமா?' நின்றுவிடும் பெரியப்பா. 'அப்ப என் முழங்காலுக்கு இது தேவலடா' என்றார்.

அப்புறம் ஒரு நாள். இதைத்தான் கேட்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் ஒரே எதிரியைப் பத்துப் பதினைந்து தடவை கொன்றுவிட்டால் அவன் திரும்பி வரமாட்டான். முதல் பாகத்தில் இந்தப் பேச்சே கிடையாது, ஆயுசுக்கும் வந்துகொண்டே இருப்பான். நான் ஹைடே கோபுரத்தில், கடலுக்கு நடுவில் அந்தப் பாதையில், ஆளுயரத்துக்கு ஒரு மடங்கு பெரிய மாவீரர்களிடம் செத்துச் செத்து, பதிலுக்கு அவர்களையும் கொன்று கொன்று, பெரியப்பா 'ரைட்', 'ஹோல்டேன்', 'ரைட்', 'ஹோல்டேன்'. அன்றைக்குக் கிளம்பிப் போனால் பாதையில் ஒருத்தனும் இல்லை. வெறும் கடல். நான் திகைத்து நிற்கிறேன், பெரியப்பா ஸ்டூலை விட்டு எழுந்தார், இரண்டு கையையும் விரித்தார், 'வண்டி காலிடா! ஸ்டாண்டுல போட்டுட்டுப் போய் டீயக் குடி!'

லேட்டாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். வெறும் கடல். 'வண்டி காலிடா!' அடுப்படியிலிருந்து பெரியம்மா ஓடி வருகிறார், 'யாருடா வீட்டுக்குள்ள பஸ் ஓட்டுறது?' வாசலில் கீரை விற்கிற அக்கா கூடையை இறக்கிவிட்டு, 'நத்தம் வண்டியாங்கண்ணே, நடுவுல நிக்குமா?'

எதிரணி இதைக் கருணை காட்டிக் கெடுத்த கேம் என்கிறது. ஆமாம், காட்டியது. முட்டி மோதி முடியாதவனுக்கு வழியைக் காலி பண்ணிக் கொடுத்தது. எனக்குக் கருணை வேண்டாம் என்கிறவனுக்கும் ஒரு பொருள் வைத்திருக்கிறான், பான்ஃபயர் அசெட்டிக். அதை எடுத்து நெருப்பில் போட்டால் போனவன் எல்லாம் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பி வருவான், ஆசை தீர அடி வாங்கலாம். உருண்டாலும் வெட்டு விழுகிறது என்று ஒரு புலம்பல், அடாப்டபிலிட்டி என்ற திறனில் பாயிண்ட் போட்டு, உருளும்போது வெட்டுக்குத் தப்ப வைக்கும் அஜிலிட்டியை 105க்கு ஏற்றிவிட்டு வந்து புலம்புங்கள். முதலில் காட்டிய டிரெய்லரில் இருந்த வெளிச்சம் வாங்கிய கேமில் இல்லை, அது உண்மை, அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஒரு கண்டக்டர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும், போர்டில் ஒரு ஊர் இருக்கும், வண்டி ஒரு ஊருக்குப் போகும்.

நிமிஷம் போய்க்கொண்டே இருக்கிறது, எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கச்சிக்கு ஒரு பதில் பாக்கி. காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் லிஃப்ட் ஏறுகிறோம், மேலே போனால் எரிமலைக் குழம்பில் மூழ்கிக்கொண்டிருக்கும் இரும்புக் கோட்டை வருகிறது, கீழேயிருந்து பார்க்கும்போது மேலே வானம்தானே இருந்தது, இதை வரைந்தவன் புவியியலில் எத்தனை மார்க் என்று கேட்டார். சிரிப்பும் வாங்கினார். நல்ல கேள்வி.

தங்கச்சி, இந்த கேமின் முதல் காட்சியிலேயே ஒரு கிழவி சொல்லிவிடுகிறாள், உனக்கு எல்லாம் மறந்துபோகும் என்று. சாபம் பிடித்தவனுக்கு முதலில் போவது ஞாபகம்தான். வழியில் லூகாட்டியல் என்று ஒரு பெண் வருவாள், முகமூடி போட்டிருப்பாள், ஒவ்வொரு ஊரிலும் பார்க்கும்போது அவளுக்கு ஏதோ ஒன்று குறைந்திருக்கும். கடைசியாக, என் பெயரையாவது நீ ஞாபகம் வைத்துக்கொள் என்று கெஞ்சுவாள். பேயையும் ராட்சசனையும் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்த இடத்தில் பட்டனை அமுக்கத் தோன்றாது.

எங்கள் பெரியப்பாவுக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்து, 'தம்பி எங்க இறங்கணும்?' என்று கேட்கிறார். பெரியம்மாவைப் பார்த்து, 'சில்லற இல்லம்மா, இறங்கும்போது வாங்கிக்க' என்கிறார். ஆனால் விடியற்காலையில் எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டால், ஐயர் பங்களா, ஊமச்சிகுளம், சத்திரப்பட்டி என்று ஸ்டாப் ஒன்று விடாமல் வரிசையாக வரும். அடுப்படி வாசலில் காலை வைப்பார், நத்தம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடுவார். நடுவில் இருக்கிற ரோடு எங்கே போனது என்று அவரிடம் போய் மார்க் கேட்பீர்களா தங்கச்சி? அந்த லிஃப்ட் அவசரத்தில் வைத்ததோ, தெரிந்தே வைத்ததோ, எனக்குக் கவலையில்லை. மறந்துபோகிறவன் நடக்கிற பாதை அப்படித்தான் இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வென்ட்ரிக் ராஜாவைத் தேடித்தான் இவ்வளவு தூரம் போகிறோம். ட்ராங்லெய்க் நாட்டின் ராஜா, பெரிய பெரிய ராட்சசர்களை ஜெயித்தவர். கல்லறைக்கு அடியில், காவலுக்கு நிற்கிற வெல்ஸ்டாட்டையும் சாய்த்துவிட்டு உள்ளே போனால், ராஜா இருக்கிறார். அவருடைய உடுப்பும் மோதிரமும் தரையில் கிடக்கின்றன. அரைகுறைத் துணியோடு, வாளைத் தரையில் இழுத்துக்கொண்டு, அந்த அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார். நம்மைப் பார்ப்பதில்லை. நாமாக அடிக்காதவரைக்கும் அவர் அடிப்பதும் இல்லை. வேண்டுமானால் அவரோடு சண்டை போடலாம், நிறையப் பேர் போட்டு ஜெயித்ததை வீடியோ எடுத்தும் போட்டிருக்கிறார்கள். போடாவிட்டாலும் பாதகமில்லை, மோதிரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால் கதை நகரும்.

நான் அடிக்கவில்லை. இன்றுவரைக்கும் அடித்ததில்லை. அந்த அறையில் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, அவர் ஒரு சுற்று முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் பெரியப்பா ஊமச்சிகுளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஒரு ராஜாவை இப்படிக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ஒரு தைரியம் வேண்டும், முதல் பாகத்தை அப்படியே திருப்பி எடுத்திருந்தால் எல்லாருமே கைதட்டியிருப்பீர்கள், அது தெரிந்தும் இதைச் செய்தார்களே, அதை எந்தக் கணக்கில் சறுக்கல் என்று எழுதுவது?

மணி அடித்துவிட்டீர்கள், கேட்டது. நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் இஷ்டம். எதிரணியில் கடைசியாகப் பேசப் போகிறவர் அந்த அறை வரைக்கும் போயிருக்கிறாரா, இல்லை பாதியில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு வந்து பேசுகிறாரா என்று மட்டும் மைக்கில் கேட்டுவிடுங்கள். போயிருந்தால் எங்கள் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, தயங்காமல் வரச் சொல்லுங்கள். பிரியாணி அந்தப் பக்கம்தான் முதலில் வருமாம். வணக்கம்.