மணி யார் கையில் இருக்கிறது?

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரு அணியிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களுக்கும், ஞாயிறு மாலை நேரத்தை ஒதுக்கி இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

"நடைபாதையில் பெரிதும் விட்டுக்கொடுக்க வேண்டியவர் நடந்து செல்பவரா, சைக்கிளோட்டியா?" இதுதான் இன்றைய தலைப்பு. சைக்கிளோட்டியே என்று பேச வந்திருக்கிறேன். வழக்குக்குள் போகும் முன் ஓர் உண்மையைச் சபை அறிய வேண்டும். நானும் சைக்கிளோட்டிதான். வீடு தெம்பனிஸ். சந்தைக்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் சைக்கிளில்தான் போகிறேன். நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம் என்று சிங்கப்பூரிலேயே முதன்முதலில் அனுமதி கிடைத்தது எங்கள் தெம்பனிஸில், 2010ல். அன்றைக்கு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதனால் என் பேச்சில் சைக்கிள்மேல் கோபம் எதுவும் இருக்காது.

அனுமதி என்று சொன்னேன். யாருடைய இடத்துக்குள் போக நமக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று பாருங்கள். 1822ல் இந்த ஊருக்கு நகரத் திட்டம் வகுத்தபோதே, கடைவீடுகளின் முன்னால் வெயில் மழை படாமல் மக்கள் நடக்கத் தொடர்ச்சியாகத் தாழ்வாரம் விட வேண்டும் என்று நவீனச் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் எழுதிவைத்தார். நம் தாத்தா பாட்டிமார் அதை அஞ்சடி என்றார்கள். சிராங்கூன் ரோட்டில் பூ வாங்கப் போகிறவர் இன்றைக்கும் அதில்தான் நடக்கிறார். கடைக்காரர்கள் சாமான்களை அடுக்கி அந்த வழியை அடைத்துக்கொண்டார்கள், எடுக்கச் சொன்னதும் 1888ல் கலவரமே வெடித்தது. நடப்பவருக்கு அஞ்சு அடி அகலத்தில் வழி கிடைக்க இந்த ஊர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறது. அந்த இடத்துக்குள் நேற்று வந்த விருந்தாளி நான், என் சைக்கிளோடு.

எதிரணியில் பேசிய தங்கை அடுக்கடுக்காகக் குறை சொன்னார். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள் என்றார். குடும்பமாகக் கைகோத்துப் பாதை முழுவதையும் அடைக்கிறார்கள் என்றார். மணி அடித்தால் திரும்புவதே இல்லை, காதில் பாட்டு ஓடுகிறது என்றார். அத்தனையும் உண்மை, தினமும் பார்க்கிறேன். ஆனால் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆகவே ஆளுக்குப் பாதி விலகுவோம்" என்று முடித்தாரே, அந்தக் கணக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாதிக்குப் பாதி என்பது சம பலம் உள்ளவர்களுக்குள் போடும் கணக்கு.

நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிளுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 25. அந்த வேகத்தில் ஒரே விநாடியில் சைக்கிள் கிட்டத்தட்ட 7 மீட்டர் போய்விடும். முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக் குறுக்கே ஓடுகிறது என்பதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் பிரேக்கை அழுத்தவே ஒரு விநாடி வேண்டும். அதற்குள் அந்த 7 மீட்டரும் முடிந்துவிடுகிறது. நடைபாதையில் முன்பு 15 கிலோமீட்டர் வரை போகலாம் என்று இருந்ததை 2019 பிப்ரவரியில் 10ஆகக் குறைத்தார்கள். பத்தில் போனால் ஒரு விநாடிக்கு 3 மீட்டர்கூட இல்லை. மோதினால் விழும் அடியும் வேகத்தோடு சேர்ந்து சும்மா இரட்டிப்பாவதில்லை. 25ல் மோதும் சைக்கிள் 10ல் மோதுவதைவிட ஆறு மடங்குக்கும் அதிகமான ஆற்றலோடு மோதுகிறது. கைப்பேசி பார்த்து நடப்பவர் தவறினால் என் கைப்பிடியில் முட்டிக்கொள்வார். நான் தவறினால் அவர் இடுப்பெலும்பு முறியும். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்த ஒருவர் நம் ஒவ்வொருவர் சொந்தத்திலும் இருப்பார், அதற்குப் பிறகு அவர் நடை எப்படி ஆனது என்பதும் நமக்குத் தெரியும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், ஐயா. நாலு வருஷத்துக்கு முன், விடிந்தும் விடியாத நேரம். முன்னால் ஒரு சீனப் பெரியவர் நடந்துகொண்டிருந்தார். கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் கோப்பி அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் விதிப்படிதான் வந்தேன். வேகம் சரி, இடைவெளி சரி, இரண்டு முறை மணியும் அடித்தேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அவர் வலப்பக்கமாகத் தலையைத் திருப்பினார். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கால் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைக்கும். நான் முந்த இருந்ததும் அதே வலப்பக்கம். பிரேக்கை இறுக்கினேன், ஆனாலும் கைப்பிடி அவர் முழங்கையில் இடித்தது. புல்லில் உட்கார்ந்துவிட்டார். கோப்பி முழுக்கச் சட்டையில். நல்லவேளை, அடி பலமில்லை. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் அவர் என்னைப் பார்த்து, "ஸாரி, ஸாரி" என்கிறார்! இடித்தவன் நான். மன்னிப்புக் கேட்பவர் அவர். அந்தச் "ஸாரி" பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

எதிரணியின் அளவுகோலை வைத்தால் அன்று என்மேல் தவறே கிடையாது. மணி அடித்தாயா? அடித்தேன். அவர் விலகினாரா? இல்லை. தீர்ப்பு எனக்குச் சாதகம். ஆனால் வயதாக ஆகக் காது முதலில் இழப்பது உச்சஸ்தாயியில் வரும் ஒலிகளைத்தான். சைக்கிள் மணியின் "கிணிங்" அந்த வகை ஒலி. யாருக்கு எச்சரிக்கை அதிகம் தேவையோ, அவருக்குத்தான் அது குறைவாகக் கேட்கிறது. கேட்டாலும் திசை பிடிபடுவதில்லை. திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் கால் வைப்பார் என்று அவருக்கே தெரியாது. அப்படியிருக்க, மணியை அடித்துவிட்டேன், இனி விலகுவது உன் பாடு என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

அன்றிலிருந்து நான் மாறிவிட்டேன். யாரையாவது நெருங்கும்போது மிதிப்பதை நிறுத்திவிடுகிறேன். நிறுத்தினால் பின்சக்கரத்து ஃப்ரீவீல் "டிக் டிக் டிக்" என்று சத்தம் போடும். மெல்லிய சத்தம்தான், ஆனால் தொடர்ந்து கேட்பதால் ஏதோ வருகிறது என்று திடுக்கிடாமலே புரிந்துகொள்கிறார்கள். பிறகு வாயைத் திறந்து, "குட் மார்னிங் அங்கிள், ரைட்டுல வர்றேன்" என்கிறேன். மனிதக் குரல் கேட்டால் யாரும் துள்ளுவதில்லை. இடம் குறுகலாக இருந்தால் இறங்கித் தள்ளுகிறேன். மழை பிடித்தால் கூரை போட்ட நடைபாதையில் எல்லாரும் ஒண்டிக்கொள்வார்கள், அங்கேயும் இறங்கித் தள்ளுகிறேன். அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் கேட்கவே வேண்டாம். தூண் மறைவிலிருந்து மார்க்கெட் தள்ளுவண்டியோடு ஒரு பாட்டி எப்போது வெளிப்படுவார் என்று யாருக்குத் தெரியும்? இத்தனை செய்ததில் நான் இழந்தது என்ன என்று கணக்குப் பார்த்தேன். வீட்டிலிருந்து நிலையத்துக்கு இரண்டு நிமிஷம் கூடுதல்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. சைக்கிளுக்கெனச் செந்நிறப் பாதை பக்கத்திலேயே இருந்தால், அதை ஒட்டிய நடைபாதை நடப்பவருக்கு மட்டுமே என்று 2025 ஜூலை முதல் தேதி விதி வந்தது. மீறி ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம், சிறைக்குப் போகவும் நேரலாம். செந்நிறப் பாதையில் நடப்பவரை மட்டும், தயவுசெய்து உங்கள் பாதையில் நடங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். தங்கை இதை ஓரவஞ்சனை என்றார். நான் நியாயம் என்கிறேன். என் பாதையில் அவர் நடந்தால் எனக்குக் கொஞ்சம் தாமதம். அவர் பாதையில் நான் பாய்ந்தால் அவருக்கு ஆபத்து. வேறு வேறான இரண்டை ஒரே தராசில் வைக்க முடியாது.

அடுத்துப் பேசிய அண்ணன், உணவு விநியோகிக்கும் தம்பிமார்களைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அவர் சொன்னதில் எனக்கு முழு அனுதாபம் உண்டு. 2019 நவம்பர் 5ஆம் தேதி நடைபாதையில் மின்ஸ்கூட்டர் தடை செய்யப்பட்டபோது ஒரே இரவில் பிழைப்பு ஆட்டம் கண்டவர்கள் அவர்கள். மழையிலும் வெயிலிலும் நம் வீட்டுச் சோற்றைத் தூக்கி வருகிறார்கள். அவர்கள் அவசரம் அவர்கள் உண்டாக்கியதல்ல. பசியோடு செயலியைத் தட்டும் நாமும் அதற்குப் பொறுப்பு. பத்து நிமிஷம் தாமதமானால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வோம், அது நம் கடமை. ஆனால் அந்த அவசரத்தின் விலையை வழியில் நடந்துபோகும் பாட்டி ஏன் தர வேண்டும்? அந்த ஆர்டரை அவர் கொடுக்கவில்லையே.

அதே 2019ல், தடை வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி ஓர் அம்மா இறந்துபோனார். 65 வயது. அவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர். அன்று நாம் எல்லாரும் என்ன கேட்டோம்? அந்த அம்மா ஏன் விலகவில்லை என்று யாராவது கேட்டோமா? வேகமாக வந்தது எது என்றுதான் கேட்டோம். சாலையிலும் நம் குரல் அதுவேதான். லாரி உரசிக்கொண்டு போனால் நெஞ்சு பதறுகிறது. சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2022ல் வழிகாட்டுதல் வந்தபோது, நியாயம் என்று சொன்னோம். லாரியிடம் நாம் கேட்ட அந்த ஒன்றரை மீட்டரை, நடைபாதை ஏறியதும் பாட்டிக்கு ஏன் தர மறுக்கிறோம்?

ஐயா, திருவாரூர்க் கதையை இந்த மேடையில் பல முறை கேட்டிருப்பீர்கள். இன்று ஒரு புதுக் கண்ணால் பாருங்கள். இளவரசன் தேரோட்டிப் போகிறான், கன்று குறுக்கே வந்து சக்கரத்தில் அடிபட்டுச் சாகிறது. மனுநீதிச் சோழனின் அமைச்சர்கள் இளவரசனுக்காக வாதாடியிருக்கிறார்கள். கன்று தானாகத்தான் பாய்ந்தது, இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் அவர்கள் வாதம். இன்றைய எதிரணியின் வாதமும் அதுதான். அரசன் அதை ஏற்கவில்லை. தெருவில் கன்றுக்கு என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை. தேரில் இருந்தவனைத்தான் கேட்டான்.

அந்தக் கதையில் ஒரு மணி வருகிறது, கவனித்தீர்களா? ஆராய்ச்சி மணி. அதை அடித்தது யார்? தேரில் போனவனா? கன்றை இழந்த பசு. மெலிந்தவர் அடித்து வலியவரைக் கேள்வி கேட்பதற்காகத் தொங்கவிட்ட மணி அது. நம் நடைபாதையில் மணி என் கைப்பிடியில் இருக்கிறது. நடப்பவரிடம் மணி இல்லை. அவர் என்னைத் தடுத்துக் கேட்க அவரிடம் எந்தச் சத்தமும் இல்லை. அதனால் அவர் அடிக்க வேண்டிய மணியையும் நானே எனக்குள் கேட்டுக்கொண்டு பிரேக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கோப்பிப் பெரியவரை இப்போதும் பல காலைகளில் பார்க்கிறேன். பின்னால் "டிக் டிக்" என்று கேட்டதும் அவர் திரும்புவதில்லை. கோப்பிப் பை தொங்கும் கையை லேசாக உயர்த்திக் காட்டுகிறார், போ தம்பி என்பதுபோல. நான் மெதுவாகக் கடந்துபோகிறேன். அவர் சார்பில் கேட்கிறேன் ஐயா, சைக்கிளோட்டியே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.