நடிகையை நிலைநிறுத்துவது குரலே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூர் வெயிலில் நாளெல்லாம் வெந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தமிழ் கேட்க வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு நடிகையின் கலைவாழ்வை நிலைநிறுத்துவது முகமா, குரலா என்பது தலைப்பு. குரலே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். "சீரியல் நடிகை காட்பாடி ஸ்டேஷனில் இறங்கினால் செல்ஃபி எடுக்கக் கூட்டம் முட்டும். அவருக்குக் குரல் கொடுத்தவர் அதே ரயிலில் இறங்கினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா?" என்றார். கைதட்டலும் வாங்கினார். பதில் சொல்கிறேன் ஐயா. அதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் குடியாத்தம் பக்கம் அழைத்துப் போக வேண்டும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் முறம். நனைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்க வேண்டும். கண்ணை எடுத்தால் இலை கிழியும். சுற்று தளர்ந்தால் கழித்துவிடுவார்கள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அந்த டிவியைப் பார்ப்பதே இல்லை, கேட்கிறார். மாமியார் குரல் ஏறியதும் "வந்துட்டாடி மகராசி" என்கிறார். கதாநாயகியின் குரல் உடைந்ததும் நூல் சுற்றும் விரல் அப்படியே நிற்கிறது. தலை நிமிரவில்லை, கண் கலங்கிவிட்டது! எந்த முகம் ஐயா அவரைக் கலங்க வைத்தது? அடுப்படியில் தாளித்துக்கொண்டே தொடர் கேட்கும் தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. பழைய வட ஆற்காடு தெருக்கூத்து விளைந்த பூமி. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் ஆடிய கூத்தைத் தமிழ்நாடே பேசியது. கூத்தில் வேடம் எப்படி வருகிறது? இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னாலிருந்து முதலில் பாட்டு வரும். துரியோதனன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவன் ஆணவம் நம் காதில் விழுந்துவிடும். பாஞ்சாலியாக ஆண்களே வேடம் கட்டிய காலத்திலும், துகில் உரியும் இரவில் ஊரே அழுதது. மீசை மழித்த முகத்துக்கா அழுதார்கள்? முகவீணை என்ற ஊதுகருவியோடு சேர்ந்து உயர்ந்த அந்த ஓலத்துக்கு அழுதார்கள்.

மேடை நடிகைகளில் ஒருவரைச் சொல்கிறேன், கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். 1933இல் கணவர் கிட்டப்பா மறைந்தார். அதோடு அலங்காரத்தையெல்லாம் துறந்தார் அந்த அம்மையார். முகத்தை நம்பிய நடிகையாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1935இல் நந்தனாராக, ஆண் வேடத்தில், ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்குத் திரைக்கு வந்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! 1953இல் நரைத்த ஔவையாராக வந்தார். ஆண் வேடமும் கிழவி வேடமும் போட்ட ஒரு பெண்ணுக்கு இத்தனை மரியாதை எதனால் வந்தது என்று எதிரணியினர்தான் சொல்ல வேண்டும்.

சரி, டப்பிங்குக்கு வருகிறேன். 'முதல் மரியாதை' 1985இல் வந்தது. குயிலாக நடித்தவர் ராதா. அந்தக் குயிலின் குரல் ராதிகாவுடையது. அதே ராதிகா 1999இல் டிவி தொடரில் 'சித்தி'யாக நம் வீடுகளுக்குள் வந்தார். 1995இல் 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவைத் தமிழ்ப் பெண்ணாகவே நம்மை நம்ப வைத்தது நடிகை ரோகிணியின் குரல். 'கோலங்கள்' தொடரில் முகம் காட்டி நடித்த தீபா வெங்கட், 2013இல் 'ராஜா ராணி'யில் நயன்தாராவுக்குக் குரலானார்.

அந்த வேலை லேசானதா? இருட்டறை, ஒரு மைக், எதிரே திரை. ஒப்பனை கிடையாது, உடன் நடிப்பவர் கிடையாது. திரையில் இருப்பவர் ஓடினால் இவர் நின்ற இடத்தில் மூச்சிரைக்க வேண்டும். பகரமும் மகரமும் வரும் இடத்தில் திரையிலுள்ள உதடு மூடும் அதே கணத்தில் இவர் உதடும் மூட வேண்டும். ஒரு இழை பிசகினாலும் "இன்னொரு டேக்" என்று குரல் வரும். அழுகைக் காட்சியை நான்கு தடவை எடுத்தால் நான்கு தடவையும் புதிதாக அழ வேண்டும். கண்ணுக்குக் கிளிசரின் உண்டு, நடுவர் அவர்களே. தொண்டைக்கு என்ன உண்டு?

இப்போது காட்பாடி ஸ்டேஷனுக்கு வருகிறேன். திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். அது குரலின் குறையா? தொடரின் தொடக்கப் பாட்டில் நடித்தவர்கள் ஒவ்வொருவராக நின்று சிரிக்கிறார்கள். குரல் கொடுத்தவர் பெயர் எத்தனை தொடரில் நம் கண்ணில் பட்டிருக்கிறது? தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கலைஞருக்கென்று, ஆணுக்கும் பெண்ணுக்கும், தனி விருது இருக்கிறது. அரசுக்குத் தெரிந்திருக்கிறது. உழைத்தவர் பெயரை மறைத்து வைத்துவிட்டு, அவரை யாருக்குத் தெரியும் என்று கேட்பது நியாயமா ஐயா? எனக்கு அந்தக் கேள்வி வலித்தது. அதனால்தான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. "இனி இவருக்குப் பதில் இவர்" என்று தொடரில் போடுவார்கள். நேற்று ஒரு முகம், இன்று வேறொரு முகம். கதை நிற்காமல் ஓடுகிறது, நாமும் இரண்டே நாளில் பழகிவிடுகிறோம். அதே பாத்திரத்துக்குப் பழைய முகத்தை வைத்துக்கொண்டு குரலை மட்டும் மாற்றிப் பாருங்கள், முதல் வசனத்திலேயே "இது அவ இல்லையே" என்று திண்ணையிலிருந்து சத்தம் வரும். முகத்தை மாற்றும்போது பொறுத்துக்கொள்கிற வீடு, குரலை மாற்றும்போது ஏன் பொறுப்பதில்லை? எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணிச் சகோதரி இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.