பத்துமலைப் படிகளில் பூமியின் வயது

[பத்துமலை அடிவாரம். கேமரா படிகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறது.]

வணக்கம். தைப்பூசத்துக்கு இந்த 272 படிகளை மூச்சு வாங்க ஏறியிருப்பீர்கள், நடுவில் குரங்கிடம் வாழைப்பழத்தையும் பறிகொடுத்திருப்பீர்கள். இன்று இந்தப் படிகளைக் காலக்கணக்காக வைத்துக்கொள்வோம். பூமிக்குச் சுமார் 460 கோடி வயது. 272-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் ஆண்டு.

கீழ்ப்படியில் பூமி பிறக்கிறது. ஏறுங்கள். பாதி தாண்டியும் விலங்கு என்று ஒன்றும் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். உச்சிக்கு இன்னும் 24 படி இருக்கும்போதுதான், அதாவது சுமார் 40 கோடி ஆண்டுக்கு முன்னால், நாம் நிற்கும் இந்தச் சுண்ணாம்புப் பாறையே உருவாகிறது. அப்போது இது கடல். ஓடுள்ள சின்னச் சின்ன உயிர்கள் செத்து அடியில் படிந்து இறுகியதுதான் இந்த மலை. (பத்து என்றால் மலாயில் கல். சிறுவயதில் நான் மீதி ஒன்பது மலை எங்கே என்று தேடியிருக்கிறேன்.)

டைனோசர்கள் அழிந்தது உச்சிக்கு 4 படி கீழே. மனிதன்? கடைசிப் படியின் உயரத்தில் மூன்று மில்லிமீட்டர்.

[குகைக்குள். கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது.]

சரி, கடலடிப் பாறைக்குள் இவ்வளவு பெரிய குகை எப்படி வந்தது? மழைதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு லேசாகப் புளித்துப்போகிறது, அந்தப் புளிப்புக்குச் சுண்ணாம்புக்கல் கரைகிறது. இதே வகைக் கல் கோலாலம்பூரில் பல இடங்களில் ரோட்டுக்கு அடியிலும் இருக்கிறது, அங்கேயும் பொந்து பொந்தாக. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் பார்த்த இடத்தில் பாறை ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் ஆழத்திலுமாக இருந்ததால், கோபுரங்களையே ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அப்படியும் அடித்தளம் 100 மீட்டருக்கு மேல் ஆழம் போனது.

[தித்திவங்சா மலைத்தொடர், மழைமேகம்.]

ஆனால் மலைச்சரிவு என்று வந்தால் கதாநாயகன் சுண்ணாம்பு இல்லை, கிரானைட். உச்சிக்கு 12 படி கீழே, இரண்டு நிலத்தட்டுகள் மோதியபோது ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியது. உடைக்க முடியாத கல் என்று நினைக்கிறோம், ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மட்கிக் களிமண்ணாகிறது. சில சரிவுகளில் பல மீட்டர் ஆழத்துக்குக் கல்லே இருக்காது, செம்மண்தான். அந்த மண்ணை மழை ஊறவைக்கும்போது துளைகளில் நீரின் அழுத்தம் ஏறி மண்ணின் பிடி தளர்கிறது. அப்புறம் அடிவாரத்தைக் கொண்டோவுக்காக வெட்டி, வடிகாலையும் சரியாக விடாவிட்டால்?

1993 டிசம்பர் 11, உலு கிள்ளான். தொடர்மழைக்குப் பிறகு ஹைலேண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம், 12 மாடி, பின்னால் இருந்த சரிவு இறங்கியதில் அப்படியே சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் பத்தாங்காலியில் முகாம் இடத்தின் மேல் மண் சரிந்து 31 பேர். மழையை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, மழை எப்போதும்தான் பெய்கிறது. மலையோரத்தில் வீடு என்றால் தடுப்புச்சுவரைப் பாருங்கள்: புது விரிசல், வயிறு தள்ளிய சுவர், அடைபட்ட நீர்த்துளைகள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று. ஒன்று தெரிந்தாலும் பெரிய மழையில் அங்கே படுக்காதீர்கள்.

[மஸ்ஜித் ஜாமெக். கிள்ளானும் கொம்பாக்கும் சேருமிடம்.]

மலையிலிருந்து இறங்கிய மண் இங்கேதான் வருகிறது. மழை விட்டதும் ஆறு தே தாரிக் நிறத்தில் ஓடும். கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேற்று ஆறுகள் கூடுமிடம் என்றுதானே அர்த்தம். இந்த ஆறுகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கிரானைட் பக்கத்து மண்ணை அலசியபோது லேசான களிமண் கடலுக்குப் போனது, கனமான ஈயத்தாது (டின் எடுக்கும் வெள்ளீயத் தாது) பள்ளத்தாக்கிலேயே தங்கியது. 1857-இல் ஆட்கள் அம்பாங்குக்குப் போனது அதைத் தோண்டத்தான், தாத்தாக்கள் சொன்ன ஈய லம்பங்களும், அதாவது ஈயச் சுரங்கங்களும், அதனால்தான்.

வேண்டுமானால் செய்து பாருங்கள். அடுத்த மழையில் மலையோரச் சாக்கடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குலுக்கி, ராத்திரி முழுக்க ஆடாமல் வையுங்கள். அடியில் மணல், அதன்மேல் வழவழப்பான களிமண், மேலே இன்னும் தெளியாத கலங்கல். காலையில் போட்டோ எடுத்து எந்தத் தாமான் என்று கமெண்டில் போடுங்கள்.