விதி தெரிந்த பிறகு

வணக்கம் நேயர்களே.

விதிக்குத் தலைவணங்கியவர்கள் ஒரு பக்கம், விதியை எதிர்த்து நின்றவர்கள் மறுபக்கம் என்று கதைமாந்தர்களைப் பிரித்து உட்காரவைப்பது பட்டிமன்றத்துக்கு வசதிதான். நடுவருக்கும் தீர்ப்புச் சொல்லச் சுலபம். கண்ணகியை எந்தப் பக்கம் உட்காரவைப்பீர்கள்?

"எதிர்த்தவள்தான், அதிலென்ன சந்தேகம்?" என்று தோன்றும். சிலப்பதிகாரத்தின் 9-ஆம் காதையை ஒருமுறை பாருங்கள். கண்ணகி தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய நகருக்குப் போனான். அந்த ஊரார், தேளை எடுத்துப் போட்டதுபோல என் மேல் ஒரு பழியைப் போட்டார்கள். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டேன். அரசன் முன் போய் வழக்குரைத்தேன். அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது. மதுரைக் காண்டத்தின் முடிவு அத்தனையும் முதல் பகுதியான புகார்க் காண்டத்திலேயே சொல்லியாகிவிட்டது.

தேவந்தி உடனே பரிகாரம் சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் மன்மதன் கோயிலான காமவேள் கோட்டத்தைத் தொழு, கணவனோடு சேர்ந்து வாழலாம். கண்ணகி சொல்லும் பதில் ஒற்றைச் சொல்: "பீடன்று." அது நமக்குப் பெருமை இல்லை என்று முடித்துவிடுகிறாள். அந்த நேரத்தில் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மதுரைக்குப் போவோம் என்கிறான். கனவில் கண்ட பெருநகரம் அதுவாக இருக்குமோ என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பிவிடுகிறாள்.

ஆக, பரிகாரத்தை மறுத்ததும் அவள்தான், பயணத்தை ஏற்றதும் அவள்தான். அரசனை எதிர்த்ததும் அவள்தான். அந்த எதிர்ப்போ கனவிலேயே இருந்தது. அப்படியானால் பாண்டியன் சபையில் அவள் நின்ற நிலை வெறும் பொம்மலாட்டமா?

இல்லை. காரணம், கனவு எதைச் சொல்லாமல் விட்டது என்பதில் இருக்கிறது. வழக்குரைத்தேன் என்று கனவு சொன்னது; என்ன சொல்லி என்று சொல்லவில்லை. சிலம்பு கனவில் இல்லை. பொற்கொல்லன் இல்லை. தீயும் இல்லை. 20-ஆம் காதையில் அவள் நடத்தும் விசாரணையைக் கவனியுங்கள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான் அரசன். என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இருக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள் இவள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அவன் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். அதன்பிறகுதான் சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. முதலில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அடையாளம், பிறகு சபையறிய சோதனை. இந்த வரிசையை எந்தக் கனவும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

விதிக்கதை எழுதுகிறவர்கள் முதலில் பிசகுவது இந்த இடத்தில்தான். முன்னறிவிப்பில் முடிவு தெரியலாம், வழி தெரியக்கூடாது. வழியையும் சொல்லிவிட்டால் பாத்திரத்துக்குச் செய்ய வேலை இல்லாமல் போகும். "பெரிய ஆபத்து வரும்" என்று மொட்டையாகச் சொன்னாலோ, எது நடந்தாலும் அதில் பொருத்திக்கொள்ளலாம். வாசகர் அதை மறந்தே போவார். கண்ணகியின் கனவில் நகரம், பழி, சபை, கேடு என்று நான்கு கம்பம் நட்டிருக்கிறது. நடுவில் இருப்பது முழுக்கக் காலி இடம்.

ஏற்பது என்றால் கைகட்டி நிற்பது என்பது இன்னொரு தவறான எண்ணம். கம்பனின் கும்பகருணன் போருக்குப் புறப்படும்போதே, வென்று வருவேன் என்று சொல்லமாட்டேன், விதி என் பிடரியைப் பிடித்து உந்துகிறது என்கிறான். முழுச் சம்மதம். ஆனால் அதே மூச்சில் அண்ணனுக்கு ஒரு நிபந்தனை: நான் மாண்டால் சீதையை விட்டுவிடு. களத்தில் வீடணன் வந்து, இராமன் பக்கம் வந்துவிடு என்று அழைக்கும்போது, நெடுநாள் சோறு போட்டு வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். தம்பியை மட்டும் போய்ப் பிழைத்திரு என்று அனுப்பிவைக்கிறான். மாண்டவர்களுக்கு எள்ளும் நீரும் இறைக்க ஓர் ஆள் மிஞ்ச வேண்டும் அல்லவா! கடைசியில் எதிரியான இராமனிடமே, வீடணனைக் காப்பாற்று, மூக்கிழந்த என் தலையை யார் கண்ணிலும் படாமல் கடலில் போக்கு என்று கேட்டுக்கொள்கிறான். சாவு உறுதி என்று தெரிந்த பிறகு அதை வைத்து மூன்று பேரிடம் பேரம் பேசுகிறான். என் கணக்கில் இராவணனின் அத்தனை வீராப்பையும் விட இந்தச் சம்மதத்தில்தான் நெஞ்சுரம் அதிகம்.

விதி என்ற பேச்சை யார், எதற்காக எடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கம்பராமாயணத்தில் இராமன் காடு போகப் புறப்படும் நகர்நீங்கு படலத்தில், நீர் இல்லாமல் போனால் அது நதியின் பிழை அன்று என்று தொடங்கி, தந்தை, கைகேயி, பரதன் மூவரையும் ஒவ்வொருவராக விடுவித்து, விதியின் பிழை என்று இராமன் முடிக்கிறான். எதிரே வில்லோடு நிற்கிறான் இலக்குவன். வீட்டுக்குள் இரத்தம் சிந்தாமல் இருக்க, பழியைப் போட யாரும் அடிக்க முடியாத ஓர் ஆள் தேவை. அந்த ஆள்தான் விதி. இலக்குவன் அதை ஏற்கவில்லை. விதிக்கும் விதியாகும் என் வில் தொழிலைப் பார் என்கிறான். பிறகு அவனும் காட்டுக்குத்தான் போகிறான். வாயால் எதிர்த்து, காலால் உடன்பட்ட பாத்திரம்!

எதிர்க்கப்போய் விதியின் வாயிலேயே விழுந்ததற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ஈடிபஸ். அதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. குடிபோதையில் ஒருவன், நீ உன் தந்தைக்குப் பிறந்தவன் இல்லை என்று சொன்னதால்தான் ஈடிபஸ் குறி கேட்க டெல்ஃபி கோயிலுக்குப் போகிறான். பெற்றோர் யார் என்பது அவன் கேள்வி. தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்பது கிடைத்த பதில். பயத்தில் முதல் கேள்வியை விட்டுவிடுகிறான். வளர்த்தவர்களையே பெற்றவர்களாக வைத்துக்கொண்டு வளர்ந்த ஊரான கொரிந்துவை விட்டு ஓடுகிறான். ஓடியது, யாரென்று தெரியாமல் பெற்ற தந்தையையே கொல்லும் முச்சந்தியில் போய் முடிகிறது. அறிவாளியான ஒருவன் சரியான கேள்வியைக் கையில் வைத்திருந்தும் தவறவிட்டான் என்பதால்தான் நாடகம் நிற்கிறது. தற்செயலை மட்டும் அடுக்கியிருந்தால் நின்றிருக்காது.

கடைசியாக, காரணத்தை எங்கே வைப்பது? கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் சங்கமன் என்ற வணிகனைக் கொலைக்குக் காட்டிக்கொடுத்தான், சங்கமன் மனைவி நீலி சாபமிட்டாள் என்ற செய்தி 23-ஆம் காதையில்தான் வருகிறது. மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி அதைக் கண்ணகியிடம் சொல்கிறது. அதற்குள் கோவலன் இறந்து, அரசன் இறந்து, நகரும் எரிந்தாகிவிட்டது. இதே செய்தியைப் புகார்க் காண்டத்திலேயே வைத்திருந்தால், பொற்கொல்லனின் சூழ்ச்சியும் அரசனின் அவசரமும் பழைய பாக்கியை வசூலிக்க வந்த வெறும் கருவிகளாகத் தோன்றியிருக்கும். அவர்கள்மேல் நமக்குக் கோபமே வந்திருக்காது. முன்கதையை முதல் அத்தியாயத்திலேயே கொட்டிவிடும் தொடர்கதைகளில் வில்லன்கள் சப்பென்று இருப்பதற்கும் இதுதான் காரணம்.

நன்றி. வணக்கம்.