கெஞ்சலும் மன்றாட்டும்

நண்பர்களே, வணக்கம்.

"கெஞ்சினார், மன்றாடினார், இறைஞ்சினார், எல்லாம் ஒன்றுதானே ஐயா? எதை எழுதினால் என்ன?" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கெஞ்சல் வீட்டுச் சொல். அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே குழந்தை "ஒரே ஒரு தடவைப்பா" என்கிறதே, அதுதான் கெஞ்சல். கொஞ்சலுக்குப் பக்கத்து வீடு. பெரியவர்கள் கெஞ்சும்போதுதான் அந்தச் சொல் கசந்துபோகிறது. "கெஞ்சிக் கூத்தாடினான்", "காலில் விழாத குறையாகக் கேட்டான்" என்கிறோம். கேட்கக் கேட்க ஆள் சிறுத்துக்கொண்டே போகிறான்.

மன்றாடுவது அப்படியல்ல. மன்று என்றால் ஊர் கூடும் பொது இடம், வழக்குக் கேட்கும் அவை. அங்கே நின்று தன் பக்கத்தை எடுத்துச் சொல்வதிலிருந்து வந்த சொல் அது. மன்றாடுகிறவர் கண்ணில் நீர் இருக்கலாம், ஆனால் கையில் ஒரு நியாயமும் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் பிறருக்காகச் செய்யும் வேண்டுதலை மன்றாட்டு என்பது எனக்கு மிகவும் பிடிக்கும். வேறொருவரின் வழக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்பதுதானே அது!

இறைஞ்சுதலில் முதலில் வாய்க்கு வேலையே இல்லை. "நோக்கினாள் நோக்கி இறைஞ்சினாள்" என்கிறது 1093ஆம் குறள். அவள் எதையும் கேட்கவில்லை. பார்த்தாள், பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். தாழ்தல், வணங்குதல் என்பதே அந்தச் சொல்லின் பழைய பொருள். வேண்டிக் கேட்பது அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது.

விண்ணப்பம் அரசனிடம் பணிந்து சொன்னது. கல்வெட்டுகளில் நிறையப் பார்க்கலாம். இன்று அது நிரப்புகிற படிவமாகிவிட்டது. சரி, போகட்டும்.

தொல்காப்பியத்தை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கேட்பதற்கு மூன்று சொற்களைப் பிரித்து வைக்கிறது அது. தாழ்ந்தவன் "ஈ" என்பான், ஒத்தவன் "தா" என்பான், உயர்ந்தவன் "கொடு" என்பான். இன்று பேச்சில் "ஈ" போய்விட்டது. ஈகையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயர்ந்தவனுக்கென்று வைத்த "கொடு"வை எடுத்து, "கொடுங்க" என்று எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிறோம். பணிவெல்லாம் அந்த "ங்க"வுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

என் வருத்தம் ஒன்றுதான். நிலத்தை இழந்தவர்கள், கூலி கிடைக்காதவர்கள் அதிகாரியிடம் போய் நின்றால், "கெஞ்சினர்" என்று செய்தி எழுதுகிறோம். தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்பவர்களை ஏன் அந்தச் சொல்லால் குனிய வைக்க வேண்டும்? மன்றாடினர் என்று எழுதுங்கள். முறையிட்டனர் என்று எழுதுங்கள்.

போன மாதம் ஓர் அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நிறுத்தி வைத்த ஓய்வூதியத்துக்காக. "கெஞ்சிக் கேட்டுக்கிறேன்னு போடுங்க தம்பி" என்றார். நான் "வேண்டுகிறேன்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.