2.5 மி.மீ. பின்னைத் தேடி அலைந்த கதையும் ஏபியு2 போர்டுக்கு மின்சாரம் கொடுத்த விதமும்

அனைவருக்கும் வணக்கம். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இன்று பேசுகிறேன். போன காணொளியில் காற்றிரைச்சல் தாங்கவில்லை என்று நீங்கள் திட்டியது நினைவிருக்கிறது. ஆனால் காட்பாடி வெயிலில் இது எவ்வளவு பெரிய தியாகம் என்பது வேலூர்க்காரர்களுக்குப் புரியும்.

மேசையில் இருப்பது பிசி என்ஜின்ஸ் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் ஏபியு2 போர்டு; ரவுட்டராகப் பயன்படுத்தும் ஒரு சின்னக் கணினி. இந்த வரிசைக்கு முடிவு வந்துவிட்டதாக அவர்கள் 2023இல் அறிவித்துவிட்டதால், பழைய சரக்காகத்தான் வாங்க முடிந்தது. பெட்டியும் கிடையாது, வெறும் போர்டு. அதோடு விற்றவர் அனுப்பிய அடாப்டரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று ஒட்டியிருக்கிறார்கள். உள்முனை நேரா எதிரா என்று காட்டும் சின்னம் மட்டும் இல்லை. அப்படிப்பட்ட அடாப்டரை அளந்து பார்க்காமல் நான் போர்டில் செருகமாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். இதில் அடாப்டர் கம்பியின் நுனியில் இருக்கும் உருளை வடிவப் பின், நடுத்துளை 2.1 மி.மீ. உள்ள வகை. ஏபியு2 கேட்பதோ 2.5 மி.மீ.; அதனால் செருகினால் உள்ளேயே போகாது.

லாங் பஜார் பக்கம் கேட்ட இடமெல்லாம் 2.1தான். இணையத்தில் பின்னின் விலையைவிடக் கூரியர் கட்டணம் அதிகமாக இருந்தது. கடைசியில் ஒரு சின்னக் கடையில், பெரியவர் ஒருவர் பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் துழாவி, 2.5 பின் ஒன்றை எடுத்து, "இதத்தான் யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க தம்பி" என்று சொல்லி 15 ரூபாய்க்குக் கொடுத்தார். பேரம் பேசவே எனக்கு மனம் வரவில்லை. இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன்: நீளமான தகடு வெளிவளையம், குட்டையான தகடு நடுமுனை.

பழைய பின்னை வெட்டிவிட்டுப் புதியதைப் பற்றவைக்கும்போது வெள்ளைக்கோடு போட்ட கம்பிதான் நேர்முனை என்று நம்பிவிடாதீர்கள். மல்டிமீட்டர் சொல்வதை மட்டும் நம்புங்கள். மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை நடுத்துளையிலும் கறுப்பை வெளிவளையத்திலும் வைத்தபோது எனக்கு 12.2 என்று வந்தது. முன்னால் கழித்தல் குறி வந்திருந்தால் முனைகள் மாறியிருக்கின்றன என்று பொருள். சொல்ல மறந்துவிட்டேன், பின்னின் பிளாஸ்டிக் மூடியைப் பற்றவைப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துவிட வேண்டும்.

போர்டு வந்த வெள்ளி நிறப் பையின் மீதே அதை வைத்து இயக்கிக் காட்டும் காணொளிகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிலைமின்னைத் தடுக்கும் அந்தப் பையில் மின்சாரத்தைக் கடத்தக்கூடிய மெல்லிய உலோக அடுக்கு இருக்கிறது. போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் அதில் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படலாம். மரப்பலகையில் பித்தளை ஸ்பேசர்களை நிறுத்தி, அவற்றின் மேல் போர்டைத் திருகுங்கள்.

இந்தப் போர்டில் செயலி அடிப்பக்கத்தில் இருக்கிறது; அதன் வெப்பம் அலுமினியத் தகடு வழியாகப் பெட்டிக்குப் போய்த்தான் தணிய வேண்டும். பெட்டி இல்லாததால் தடித்த அலுமினியத் தகடொன்றை வெப்பம் கடத்தும் பட்டையோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறேன். தகடில்லாமல் ஒரு நிமிடம்கூட இயக்காதீர்கள், அதுவும் நம் ஊர் மே மாதத்தில்.

முதலில் பின்னைப் போர்டில் செருகிவிட்டு, அதன்பிறகே சுவர் சுவிட்சைப் போடுங்கள். மின்சாரம் ஓடும் பின்னைச் செருகினால் முனையில் தீப்பொறி பறக்கும். இயங்கும்போது அலுமினியத்தைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருக்கலாம். இரண்டு முள் அடாப்டரில் மண்தொடர்பு இல்லாததால் வருகிற கசிவு அது.

போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினித் திரையில் பார்க்க உதவும் சீரியல் கேபிள், அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காக மாறியிருக்கும் நல்-மோடம் வகையாக இருக்கட்டும், வேகம் 115200 பாட். சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்துகள் ஓடுவதை இதோ பார்க்கிறீர்கள். இதில் ரவுட்டர் மென்பொருளாக ஓபன்டபிள்யூஆர்டி போடலாமா, ஓபிஎன்சென்ஸ் போடலாமா என்று கீழே சொல்லுங்கள். மின்விசிறியை இப்போது போட்டுக்கொள்கிறேன்.