வேன் ஏறுறதுக்கு முன்னால ரெண்டு வார்த்தை

வணக்கம் நேயர்களே. பேசக் கூப்பிட்டதுக்கு நன்றி. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவ, ரிட்டையர் ஆனப்புறம் தனியா ஊர் சுத்துறவ, அதனாலதான் இந்தத் தலைப்ப எங்கிட்ட தள்ளிவிட்டுட்டாங்க போல. தெரியாத நாட்டுல முகம் தெரியாதவங்களோட சேந்து ஷேர் வேன்ல போலாமா, பயமில்லையான்னு நெறைய பேரு கேக்குறாங்க. போலாம்லா. விடியகாலையில தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்சு பொம்பளைங்கள ஏத்திட்டுப் போற ஃபேக்டரி வேன் மாதிரிதான், டிரைவர் மனசுல யாரு எங்க ஏறணும் எங்க எறங்கணும்னு ஒரு வரிசை இருக்கும், அதுல நம்ம எடம் எதுன்னு முதல்லயே கேட்டு வெச்சுக்கணும்.

நம்மாளுங்க அதிகமா போறது தாய்லாந்து, அதையே எடுத்துக்குவோம். எல்லையில இருக்கிற பாடாங் பெசார் ரயில் ஸ்டேஷன்லயே ரெண்டு நாட்டு இமிகிரேஷனும் முடிச்சு தெற்குத் தாய்லாந்து ஊரான ஹட்யாய் போயிட்டா கிராபி, சோங்க்லான்னு எல்லா பக்கமும் வேன் இருக்கு. ஏஜென்ட் கடையில காசு கட்டுனா சட்டையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாங்க, சின்னப்புள்ள மாதிரி இருக்கேன்னு பிச்சுப் போட்டுறாதீங்க, பாதி வழியில வேற வேனுக்கு மாத்தி விடுறப்ப அதப் பாத்துதான் ஆள பிரிப்பாங்க, டிக்கெட்டுத் துண்டையும் எறங்குற வரைக்கும் பத்திரமா வெச்சிருங்க. பின்னாடி பேக் வைக்க எடம் ரொம்ப கம்மி, பெரிய பேக்னா சில பேரு இன்னொரு சீட்டுக்கு காசு கேப்பாங்க, அது நியாயந்தான்னு எனக்குப் படுது.

சீட் பெல்ட் இருக்கா பாருங்க, இல்லன்னா அடுத்த வேன். சும்மா சொல்லல, 2017 ஜனவரி 2-ம் தேதி சோன்புரியில ஒரு பயணிகள் வேனும் பிக்கப்பும் மோதி 25 பேர் செத்துட்டாங்க, அதுக்கப்புறந்தான் அங்க வேன் சீட்டக் கொறைக்கிற கெடுபிடியெல்லாம் வந்துச்சு.

இப்ப தனியா போற பொம்பளப் புள்ளைங்களுக்கு முக்கியமான விஷயம். நடு ராத்திரி ஒத்தையில டாக்சி ஏறுறத விட நாலு குடும்பம் உக்காந்திருக்கிற வேன் எவ்வளவோ மேல், தெற்குத் தாய்லாந்துல துடோங் (தலைமுக்காடு) போட்ட மக்சிக், அதான் மலாய்க்கார அம்மா, யாராச்சும் இருந்தா அவங்க பக்கத்துல உக்காந்துக்கோங்க, மலாய்ல பேசினா பாதியாவது புரிஞ்சுக்குவாங்க, டிரைவர்கிட்ட நமக்காக அவங்களே கேட்டும் குடுப்பாங்க. ஆனா ஏர்போர்ட்லேருந்து ஹோட்டல் ஹோட்டலா விட்டுட்டுப் போற வேன்ல ஒண்ணு ஒண்ணா எல்லாரும் எறங்கி கடைசியில டிரைவரும் நீங்களும் மட்டும் மிஞ்சலாம், ஏறும்போதே என்னைய எத்தனாவதா விடுவீங்கன்னு கேளுங்க, கடைசின்னு சொன்னா போன்ல மேப்ப தொறந்து வெச்சு வழி சரியா போகுதான்னு பாத்துக்கிட்டே இருங்க, மனசுக்குச் சரியில்லன்னா வெளிச்சமா கடைகண்ணி இருக்கிற எடத்துல எறங்கிடுங்க, காசு போனா போகுது. டிரைவர் கோவிச்சுக்குவாரேன்னு யோசிக்காதீங்க, நம்ம வீட்டுல பொம்பளைங்களுக்கு இந்த யோசனையே பெரிய வியாதி.

ஜார்ஜியா நாட்டுல திபிலிசி டிடுபே ஸ்டாண்டுல ஏறுற வேன் பலது ஆள் நெறஞ்சாத்தான் கெளம்பும், அதனால வேன்ல போயி எறங்கின அன்னைக்கே ஃபிளைட் வெச்சுக்காதீங்க. ஏர்போர்ட்டுக்குத் திரும்புற ஷேர் வேன் வேற மாதிரி, மத்தவங்கள ஏத்தணும்னு உங்கள ரொம்ப முன்னாலயே கூப்பிட வந்துடும், அலுத்துக்காம ரெடியா நில்லுங்க.

இன்னொண்ணு, தாய்லாந்து நேரம் நம்மள விட ஒரு மணி நேரம் பின்னாடி, வேன் 9 மணின்னா அது அவங்க 9 மணி, நம்ம கடிகாரத்துல 10. பாஸ்போர்ட்ல போறவங்க 2025 மே மாசத்துலேருந்து டிஜிட்டல் அரைவல் கார்டுங்கிற நுழைவுப் படிவம் போடணும், போய்ச் சேர்றதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல போட்டுடுங்க, அதுக்கு காசே கிடையாது, காசு கேக்குற வெப்சைட்டா இருந்தா உடனே மூடிடுங்க.